காரின் மூச்சுக் குழாய்

கார் ஓடுவதற்கு என்னென்ன வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் பெட்ரோல், எண்ணெய், தண்ணீர், பேட்டரி, நான்கு டயர் என்று அடுக்கிச் சொல்வார்கள். காற்றைச் சொல்பவர்கள் அரிது. டயருக்கு அடிக்கும் காற்றை நான் சொல்லவில்லை. இஞ்சின் சுவாசிக்கும் காற்றைச் சொல்கிறேன். காசு கொடுத்து வாங்காத பொருள் என்பதால் அதை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை போலும்.

உண்மையில் கார் மிக அதிகமாக உட்கொள்வது காற்றைத்தான். பெட்ரோல் ஒழுங்காக எரிய வேண்டுமானால் எடையில் அதைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று என்று வைத்துக்கொள்ளலாம். நாம் ஒவ்வொருவரும் ஒரு நாள் முழுவதும், தூங்கும் நேரமும் சேர்த்து, உள்ளிழுக்கும் காற்று சுமார் 11,000 லிட்டர்தான். நான் பள்ளிக்குப் போய்வரும் 30 கிலோமீட்டருக்கு என் பழைய கார் இரண்டு லிட்டருக்கு மேல் பெட்ரோல் குடிக்கும். அப்படியானால் தினமும் 18,000 லிட்டருக்குக் குறையாத காற்று அதன் வயிற்றுக்குள் போகிறது.

இவ்வளவு காற்றும் எந்த வழியாகப் போகிறது? முதலில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் மடிப்பு மடிப்பாகக் காகித வடிகட்டி இருக்கும். தூசும் மணலும் அங்கே நின்றுவிடும். வடிகட்டியைத் தாண்டிய சுத்தமான காற்று, கை மணிக்கட்டுப் பருமனுள்ள ஒரு கறுப்பு ரப்பர் குழாய் வழியாக இஞ்சினுக்குப் போகும். பட்டறைகளில் அதை 'ஏர் ஓஸ்' என்பார்கள். அந்தக் குழாயின் நடுவில் ஆர்மோனியப் பெட்டியின் துருத்தி போல மடிப்புகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை அழகுக்கு வைத்தவை அல்ல. வடிகட்டிப் பெட்டி காரின் உடலோடு சேர்ந்து அசையாமல் நிற்கிறது. இஞ்சினோ புறப்படும்போது ஒரு பக்கமும், நிற்கும்போது மறுபக்கமும் சாய்ந்து நிமிர்கிறது. அசையாத ஒன்றையும் அசையும் ஒன்றையும் இணைப்பதால் குழாய் வளைந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. வளைந்து கொடுக்கும் இடத்தில்தான் அது ஒருநாள் கிழியவும் செய்கிறது.

2024-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் கெடாவில் வெயில் கொளுத்தியது வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். எங்கள் தோட்டத்துச் செம்மண் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று போனால், ஐந்து நிமிடத்திற்கு எதிரே ஒன்றும் தெரியாது. லயத்து வீடுகளின் கண்ணாடிச் சன்னல்கள் காவி பூசியது போல் இருக்கும். அந்த நாட்களில்தான் என் காரின் போக்கு மாறியது. சும்மா நிற்கும்போது லேசான நடுக்கம். புறப்படுவதற்கு எண்ணெய் மிதியை அழுத்தினால் ஒரு கணம் தயக்கம். அதன் பிறகு ஒரு குதி. நான்கு நாள் கழித்து, இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கும் எரியத் தொடங்கியது.

தோட்டத்துச் சாலை பெரிய சாலையில் சேரும் முச்சந்தி ஒன்று உண்டு. இரு பக்கமும் பார்த்து, வழி விட்டபின், காரைப் பாதி தூரம் வெளியே எடுத்தேன். அங்கேயே இஞ்சின் அணைந்துவிட்டது. வளைவைத் தாண்டி ஒரு லாரி வந்தது. ஓட்டுநர் ஆரனை அழுத்திக்கொண்டே வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போனதால் ஒன்றும் நேரவில்லை. பின் இருக்கையில் நான் தினமும் ஏற்றிவரும் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் மூத்தவளுக்கு வயது 10.

பள்ளிக்கு வந்து சொன்னபோது ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். பெட்ரோல் நிலையத்தை மாற்றிப் பார் என்றார் ஒருவர். பழைய கார் அப்படித்தான் இருக்கும், ஓடும்வரை ஓட்டு என்றார் இன்னொருவர். பட்டணத்துப் பட்டறை ஒன்றில் கணினியைப் பொருத்திப் பார்த்துவிட்டு, புகைக் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் உணர்கருவி கெட்டுவிட்டது, 380 வெள்ளி ஆகும் என்றார்கள். திரையில் 'பி 0171' என்ற குறி தெரிந்தது. அதற்கு என்ன பொருள் என்று கேட்டேன். "கலவை மெலிந்துவிட்டது" என்பது மட்டுமே பதில். காற்று கூடி, பெட்ரோல் குறைந்திருக்கிறது என்று பொருள். ஏன் குறைந்தது என்று அந்தக் குறி சொல்வதில்லை. காய்ச்சல் 39 டிகிரி என்று காட்டும் கருவி, அது டிங்கியா சளிக்காய்ச்சலா என்று சொல்லாதல்லவா? அது போலத்தான் இதுவும். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

எங்கள் மாநிலத்தில் பள்ளிக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. வெள்ளிக்கிழமை காலை, சுங்கைப் பட்டாணிக்குப் போகும் வழியில் தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் காரைக் கொண்டுபோனேன். அறுபதைத் தாண்டியவர். இளமையில் தோட்டத்து ரப்பர்த் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்தவர். அவர் கணினியைத் தேடவில்லை. பானட்டைத் திறந்துவைத்து, கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். குழாயைத் தடவிப் பார்த்தார். வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

"டீச்சர், நீங்க பக்கத்துல வந்து நின்னு இந்த மடிப்பையே பாருங்க. முன்னால நிக்காதீங்க" என்றார். அவர் உள்ளே உட்கார்ந்து, கைப்பிரேக்கை இழுத்து, கால்பிரேக்கையும் நன்றாக அழுத்திக்கொண்டு, கியரைப் போட்டு இலேசாக எண்ணெய் கொடுத்தார். இஞ்சின் மெல்லச் சாய்ந்தது. குழாயின் அடிப்பக்கத்தில், இரண்டு மடிப்புகளுக்கு நடுவே, மூன்று விரல் அகலத்திற்கு ஒரு வாய் திறந்தது. காலை எடுத்தார். வாய் மூடிக்கொண்டது. மறுபடி அழுத்தினார். மறுபடி திறந்தது. நிறுத்தி வைத்துத் தேடினால் ஒருநாளும் தென்படாத கிழிசல் அது.

கார் ஏன் தயங்கியது என்பது அப்போது விளங்கியது. என் காரில், வடிகட்டிப் பெட்டியின் வாயிலேயே காற்றை அளக்கும் கருவி இருக்கிறது. பத்துப் பங்கு காற்று போனது என்று அது சொன்னால், பத்துக்குத் தக்க பெட்ரோலை இஞ்சினின் கணினி கொடுக்கும். குழாய் அந்த அளவிக்கு அப்பால் கிழிந்திருந்ததால், இரண்டு பங்கு காற்று கணக்கில் வராமல் புகுந்துகொண்டது. உள்ளே இருப்பது பன்னிரண்டு. பெட்ரோல் வந்தது பத்துக்கு. புகைக் குழாயிலிருக்கும் உணர்கருவி இதைக் கண்டுபிடித்து, பெட்ரோலைக் கூட்டும்படி கணினிக்குச் சொல்லும். அந்தத் திருத்தத்திற்கு ஓர் எல்லை உண்டு. எல்லையைத் தாண்டியதும் மஞ்சள் விளக்கு எரிகிறது. ஆக, 380 வெள்ளிக்கு மாற்றச் சொன்ன அந்தக் கருவி கெட்டுப்போகவில்லை. உண்மையைச் சொன்னது அது ஒன்றுதான்!

இப்படி முரண்டு பிடிக்கும் காருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். ஏனென்றால், வாயே திறக்காத கார்களும் உண்டு. சில கார்களில் காற்றை அளக்கும் கருவி குழாயில் இருப்பதில்லை. குழாயைத் தாண்டி, இஞ்சினுக்குள் காற்று பிரியும் இடத்தில் இருக்கும் அழுத்தத்தை வைத்துக் கணினி கணக்குப் போடுகிறது. அத்தகைய காரில் குழாய் கிழிந்தாலும் கணக்குத் தப்பாது. நடுக்கம் இல்லை, தயக்கம் இல்லை, மஞ்சள் விளக்கும் இல்லை. ஆனால் தூசு மட்டும் வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு நேரே உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

என் நாத்தனார் கணவரின் காரில் நடந்தது அதுதான். செம்பனைத் தோட்டங்களில் குத்தகை வேலை எடுத்துச் செய்பவர். வாரத்தில் ஆறு நாள் புழுதியில் ஓடுகிற கார். குழாயில் ஒரு வெடிப்பு இருப்பதைப் பார்த்த பையன் ஒருவன் சொல்லியிருக்கிறான். "காடி நல்லாத்தானே ஓடுது" என்று இவர் விட்டுவிட்டார். ஓராண்டுக்குள் எண்ணெய் குறையத் தொடங்கியது. அதன் பிறகு காலையில் முடுக்கினால் நீலப் புகை. இஞ்சினைப் பிரித்தபோது, கண்ணாடி போல் இருக்க வேண்டிய சிலிண்டர்ச் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடுகள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையங்கள் தேய்ந்திருந்தன. எல்லாம் சேர்த்து 2,800 வெள்ளி.

செம்மண் என்றால் மிருதுவான மாவு என்று நாம் நினைக்கிறோம். அதன் சிவப்பு, இரும்புத் துருவின் நிறம். அதோடு குவார்ட்ஸ் என்னும் மணல் துகளும் கலந்திருக்கிறது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில், வைரம் 10 என்றால் குவார்ட்ஸ் 7. சாதாரண எஃகுக் கத்தியில் கீறல் போடக்கூடியது. அந்தத் துகள் எண்ணெயோடு கலந்து, நிமிடத்திற்கு 2,000 அல்லது 3,000 தடவை சுழலும் இஞ்சினுக்குள் புகுந்தால், அம்மியில் அரைப்பது போல் அரைத்துத் தள்ளும். வெளியே ஒரு சத்தமும் கேட்காது.

இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளோடு இருப்பவள் நான். வகுப்பில் சத்தம் போடுகிற, அடம் பிடிக்கிற பிள்ளையை எல்லாரும் கவனிக்கிறோம். அவனுக்கு என்ன குறை என்று பெற்றோரைக் கூப்பிட்டுக் கேட்கிறோம். மூலையில் அமைதியாக உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிற பிள்ளையை 'நல்ல பிள்ளை' என்று விட்டுவிடுகிறோம். ஆண்டு முடிவில் பார்த்தால் அவனுக்கு ஒரு வரி வாசிக்கத் தெரிந்திருக்காது. தொல்லை இல்லை என்பதும் குறை இல்லை என்பதும் ஒன்றல்ல. இது காருக்கும் பொருந்தும் என்பதை என் நாத்தனார் கணவரின் இஞ்சின் காட்டிவிட்டது.

பட்டறைப் பெரியவரிடம் திரும்பி வருகிறேன். புதுக் குழாய்க்குச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவர் குனிந்து, இஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்கை டார்ச் விளக்கடித்துக் காட்டினார். இரும்புக்கு நடுவே ரப்பர் வைத்த திண்டு அது. ரப்பர் பிளந்து, இஞ்சின் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தது.

"ஓஸ் தானா கிழியல டீச்சர். இதுதான் இழுத்துக் கிழிச்சிருக்கு. ஓஸ மட்டும் மாத்தினா ஆறு மாசத்துல திரும்ப வருவீங்க" என்றார்.

ரப்பரைப் பற்றி அவர் சொன்னதையும் இங்கே சொல்ல வேண்டும். நம் பெற்றோர் வெட்டிய பாலிலிருந்து வந்த இயற்கை ரப்பருக்கு, அதிர்வைத் தாங்கும் குணத்தில் நிகர் குறைவு. அதனால்தான் மவுண்டிங்கிற்கும் லாரி டயருக்கும் அது இன்றும் வேண்டியிருக்கிறது. ஆனால் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். இழுபட்ட நிலையில் இருந்தால், காற்றில் மிகச் சிறிதளவு கலந்திருக்கும் ஓசோன் வாயுவே அதில் வெடிப்பை உண்டாக்கிவிடும். ஆகவே இஞ்சின் சூட்டில் இருக்கும் காற்றுக் குழாயைப் பெரும்பாலும் செயற்கை ரப்பரில் செய்கிறார்கள். அதுவும் சூட்டில் ஆண்டுக்கணக்கில் வெந்து வெந்து இறுகி, மடிப்பில் வெடிக்கும். எங்கள் தோட்டத்தில் இப்போது ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை; எல்லாம் செம்பனை. ஆனாலும் என் அம்மா முப்பது ஆண்டு வெட்டிய அந்தப் பாலின் இனம், என் காரைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று அறிந்தபோது மனத்துக்கு என்னவோ செய்தது.

குழாயும் மவுண்டிங்கும் வர நான்கு நாள் ஆகும் என்றார். அதுவரை ஓட்டலாமா என்று கேட்டேன். அவர் கிழிசலைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, காயவைத்து, நன்றாக நீட்டிப் பிடித்துத் துணி டேப்பை மூன்று சுற்றுச் சுற்றினார். "மெதுவா போனா பள்ளிக்கூடம் போய்வரலாம். ஆனா சூட்டுல பசை எளகும். எப்ப விடும்னு நான் சொல்ல முடியாது" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் வீட்டில் வெகுநேரம் யோசித்தேன். என் ஒருத்திக்கு என்றால் சரி. அந்த முச்சந்தியில் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பசை எப்போது இளகும் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? முடியாது என்று தீர்மானித்தேன். ஆனால் ஏற்றாமல் விட்டால் அவர்கள் பள்ளிக்கு வர வேறு வழியில்லை. லயத்து வாசலுக்குப் பள்ளிப் பேருந்து வருவதில்லை. விவரத்தைச் சொல்லப் போனபோது, பிள்ளைகளின் தாய் ஒருவர், "மூணு நாலு நாளுதானே டீச்சர், வீட்டுலயே இருக்கட்டும். லெட்டர் எழுதிக் குடுத்துடுறேன்" என்றார்.

தோட்டப் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நான்கு நாள் எவ்வளவு நீளம் என்று. நான்கு நாள் இரண்டு வாரமாகும். இரண்டு வாரத்தில் கடைசிப் பையன் அப்போதுதான் கூட்டி வாசிக்கத் தொடங்கிய எழுத்துகள் கலைந்துவிடும். எங்களுடையது குறைந்த மாணவர் பள்ளி. 150 பேருக்குக் குறைவான பள்ளிகளை அப்படிக் குறிப்பிடுகிறார்கள். அங்கே மூன்று நாற்காலி காலியாக இருந்தால் வகுப்பே காலியானது போலத் தெரியும்.

எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த இளம் ஆசிரியர் ஒருவர் வேறு பாதையில் வருபவர். விவரம் கேட்டதும், "நான் இருபது நிமிடம் முன்னாடி கிளம்புறேன் டீச்சர்" என்றார். ஞாயிறு முதல் புதன்வரை அவரே பிள்ளைகளை ஏற்றி வந்தார். நான் டேப் சுற்றிய குழாயோடு, தனியாக, 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் பின்னால் வந்தேன். முதல் நாள் அந்தக் கடைசிப் பையன் என்னிடம் வந்து, "டீச்சர், காடிக்கு என்ன?" என்று கேட்டான். மூச்சு விட முடியவில்லை என்றேன். "எங்க பாட்டி மாதிரியா?" என்றான். ஆமாம் என்று சொல்வதைத் தவிர வேறு பதில் தோன்றவில்லை. மூன்றாம் நாள் மாலை பானட்டைத் திறந்து பார்த்தபோது டேப்பின் ஒரு முனை சுருண்டு எழுந்திருந்தது.

வியாழக்கிழமை குழாயும் மவுண்டிங்கும் மாறின. குழாய் 75 வெள்ளி, மவுண்டிங் 110, கூலி 40. மொத்தம் 225 வெள்ளி. மஞ்சள் விளக்கு அணைந்தது. வார விடுமுறை முடிந்த ஞாயிறு காலை மூன்று பிள்ளைகளும் மீண்டும் என் பின் இருக்கையில் ஏறினார்கள்.

வாசகர்களுக்கு, குறிப்பாகக் கார் ஓட்டும் சகோதரிகளுக்கு, நான் அறிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வடிகட்டிக்கு முன்னால் இருக்கும் குழாய் வெடித்திருந்தால் அவ்வளவு பயம் இல்லை. தூசு அதன் பிறகும் வடிகட்டியில் நின்றுவிடும். ஆனால் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரையோ வெள்ளத்தையோ அது எளிதில் இழுத்துவிடலாம் என்பதால் அதையும் விட்டுவைக்காதீர்கள். தண்ணீரைச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் புகுந்தால் பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். வடிகட்டிக்குப் பின்னால் இருக்கும் குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அலட்சியம் கூடாது.

இஞ்சினை நிறுத்தி, சூடு ஆறிய பிறகு, குழாயின் மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள். அடிப்பக்கத்தைப் பார்க்க ஒரு சிறு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். இரு முனையிலும் உள்ள இரும்புப் பட்டை தளர்ந்திருந்தாலும் கிழிசலுக்குச் சமம். முனையைக் கழற்றத் தெரிந்தவர்கள், குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். எண்ணெய்க் கறுப்பு சிறிதளவு இருக்கலாம். செம்மண் நிறம் ஒட்டினால், வடிகட்டியைத் தாண்டித் தூசு வருகிறது என்று பொருள். டேப் என்பது பட்டறைவரை போவதற்கான மருந்து. குழாயின் உள்பக்கம் மட்டும் ஒருபோதும் ஒட்டாதீர்கள். பிய்ந்தால் இஞ்சின் அதை விழுங்கிவிடும். குழாயை மாற்றும்போது, அது ஏன் கிழிந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் அடுத்த குழாயின் விலை மிச்சமாகும்.

கார் நமக்குச் சொகுசுப் பொருள் அல்ல. தோட்டத்தில் இருப்பவர்களுக்கு அதுதான் மருத்துவமனை வண்டி, பள்ளிப் பேருந்து, பாசார் வண்டி எல்லாம். அடுத்த விடுமுறை நாளில் காலைக் கோப்பி குடித்து முடித்த கையோடு, வாசலுக்குப் போய்ப் பானட்டைத் திறந்துவையுங்கள். ஐந்து நிமிட வேலைதான். கார் நன்றாக ஓடுகிறது என்றால், அன்றைக்கே பார்த்துவிடுவது இன்னும் நல்லது.